வாய்ப்பாடும் விரிதாளும்: செவிவழி வாசிப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் காவியத்தையும் சாசனத்தையும் போற்றுமளவிற்கு அட்டவணையைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் வரிப்பதிவு, களஞ்சியக் கணக்கு, குடிசன மதிப்பு, பரீட்சைப் புள்ளி எனச் சமுதாய நிருவாகத்தின் பெரும்பகுதி அட்டவணை வடிவிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்று அவ்வடிவம் பெரும்பாலும் கணினி விரிதாளிலே குடிகொண்டுள்ளது. அலுவலகத்திற் சேரும் எழுதுவினைஞர் முதல் ஆய்வேடு எழுதும் மாணவர் வரை அதனைக் கையாளாதோர் அரிது. ஆதலின் விரிதாளை வாசிக்க இயலாமை ஒரு நூலை வாசிக்க இயலாமையினும் பாரதூரமானது. தொழிலுக்கும் ஆய்வுக்கும் செல்லும் வாயில்களுள் ஒன்று அதனால் அடைபட்டுவிடுகின்றது.

விழிப்புலனற்றோர் பலர் திரைவாசிப்பான் எனப்படும் மென்பொருளின் துணைகொண்டு விரிதாளைச் செவியால் வாசிக்கின்றனர். விசைப்பலகையின் அம்புக்குறிகளால் கலத்துக்குக் கலம் நகர, மென்பொருள் அக்கலத்திலுள்ளதைக் குரலாக்கி உரைக்கின்றது. இவ்வாசிப்புக் குறித்து இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. அட்டவணை இயல்பிலேயே கண்ணுக்குரியது, செவியால் வாசிப்போர்க்கு அதன் சாரத்தை உரைநடையில் எடுத்துச் சொன்னாற் போதும் என்பது ஒன்று. கருவி வந்துவிட்டது, இனிக் குறையேதுமில்லை என்பது மற்றையது. முன்னையது இரக்கத்தின் மொழியையும் பின்னையது முன்னேற்றத்தின் மொழியையும் பேசுகின்றது. எனினும், விரிதாளின் உருவம் யாது என்ற அடிப்படை வினாவை இரண்டுமே எழுப்பத் தவறிவிடுகின்றன. உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி இலக்கியத்திலே நீண்டகாலமாக வாதிட்டுவந்த திறனாய்வு மரபு, நாளாந்த வாழ்வில் இத்துணைச் செல்வாக்குப் பெற்ற ஓர் எழுத்துருவத்தைப் பற்றியும் அவ்வினாவை எழுப்புதல் பொருத்தமுடையதாகும்.

விரிதாள் மென்பொருளின் தோற்றத்திலிருந்தே இவ்விசாரணையைத் தொடங்கலாம். 1978ஆம் ஆண்டு ஹார்வார்ட் வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிறிக்லின், விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்த நிதி அட்டவணையொன்றில் ஓர் எண் மாறியதும் அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து மீள எழுத வேண்டியிருந்ததைக் கண்டார். அவ்வேலையைக் கணினி தானே செய்தாலென்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அவரும் பொப் பிராங்ஸ்ரனும் இணைந்து உருவாக்கிய மென்பொருள் 1979இல் ஆப்பிள் 2 கணினியில் வெளிவந்தது. 63 நிரல்களும் 254 நிரைகளும் கொண்ட அதற்கு அவர்கள் இட்ட பெயர் விசிகல்க் என்பதாகும். 'கண்ணுக்குத் தெரியும் கணிப்பான்' என்பது அப்பெயரின் பொருள்.

பெயரிலேயே கண் குடியேறிவிட்டமை கவனிக்கத்தக்கது. ஆனால், கண்ணுக்குத் தெரிதலே விசிகல்க்கின் சாதனையாக இருந்ததா? கரும்பலகை அட்டவணையும் கண்ணுக்குத் தெரிந்ததுதானே. கரும்பலகையில் இல்லாத இரண்டு விடயங்கள் விசிகல்க்கில் இருந்தன. ஒவ்வொரு கலத்துக்கும் நிரலின் எழுத்தாலும் நிரையின் எண்ணாலும் அமைந்த ஒரு முகவரி இருந்தது. ஒரு கலம் இன்னொரு கலத்தை அம்முகவரியாற் சுட்டிச் சூத்திரம் அமைக்கவும் முடிந்தது. முகவரியைச் சொல்லாற் சொல்லலாம், காதாற் கேட்கலாம், விரலாற் தட்டச்சிடலாம். சூத்திரமும் ஒரு வாக்கியமே. விரிதாளுக்கு உயிரளித்த இரு கூறுகளுமே கண்ணின் தயவில் நிற்பனவல்ல. படைத்தவர் இட்ட பெயர் படைப்பின் இயல்பை மறைத்துவிடுவதற்கு இலக்கியத்திற்கு வெளியே கிடைக்கும் நல்ல உதாரணம் இதுவெனலாம்.

திரைவாசிப்பானின் வரலாறும் இங்கு சுருக்கமாகக் கூறப்படல் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தய வீரராயிருந்து 1978இல் வாகன விபத்தொன்றிற் பார்வையை இழந்த டெட் ஹென்ரர், பின்னர் கணினித் துறையிற் பயின்று, 1989இல் ஜோஸ் என்னும் திரைவாசிப்பானை வெளிக்கொணர்ந்தார். பேச்சின் துணையால் தொழிலை அடைதல் என்ற கருத்தே அப்பெயரின் விரிவில் அடங்கியுள்ளது. அது விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். அவ்விலை பலருக்கு எட்டாதிருந்த நிலையில், அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த விழிப்புலனற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். அது எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. அதன் மூலநிரலும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. வாசிக்கும் கருவி சந்தைப் பண்டமாக மட்டும் இருக்குமிடத்து வாசிப்புரிமையும் வாங்கும் ஆற்றலுடையோர்க்கே உரியதாகிவிடும் என்ற உண்மையை இவ்விரு மென்பொருள்களின் வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றது.

கோட்பாட்டளவில் இவ்விடயத்தை ஆழமாக நோக்கியவர் இந்தியாவிற் பிறந்த கணினி அறிஞர் ரி. வி. ராமன் ஆவார். விழிப்புலனற்றவரான அவர் 1994இல் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, கணிதக் குறியீடுகள் நிறைந்த நூல்களைச் செவிக்கு ஏற்ப ஒலிக்கச் செய்வதைப் பற்றியது. திரையில் எது எங்கே தெரிகின்றது என்பதைப் பார்த்து ஒலிபெயர்த்தல் போதாது, உள்ளே பொருள் எவ்வாறு கட்டமைந்துள்ளது என்பதிலிருந்தே ஒலிவடிவம் பிறத்தல் வேண்டும் என்பது அவர் பணிகளின் அடிநாதமாகும். கண்ணுக்கான வடிவமும் செவிக்கான வடிவமும் ஒரே கட்டமைப்பின் இரு வெளிப்பாடுகள் என்ற இந்நோக்கு, ஒன்றை மூலமாகவும் மற்றதை அதன் நிழலாகவும் கருதும் வழக்கத்தை மறுதலிக்கின்றது.

செவிவழி வாசிப்பு நடைமுறையில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஒரு பரீட்சைப் புள்ளி அட்டவணையில் இடப்பக்க நிரலில் மாணவர் பெயர்களும் மேல் நிரையிற் பாடங்களின் பெயர்களும் உள்ளன எனக் கொள்வோம். கண்ணால் வாசிப்பவர் நடுவிலுள்ள ஓர் எண்ணைக் கண்டதும் பார்வையை மேலும் இடமுமாக ஓடவிட்டு அது யாருடைய எப்பாடப் புள்ளி என அறிந்துகொள்கின்றார். அவ்விரு ஓட்டங்களும் கணத்தில் நிகழ்வதால் அவற்றை ஒரு செயலாகவே அவர் உணர்வதில்லை. செவியால் வாசிப்பவர் அதே கலத்தை அடையும்போது "67, டி7" என்று மட்டும் கேட்கக்கூடும். எண் கிடைத்துவிட்டது, முகவரியும் கிடைத்துவிட்டது. ஆயின் பொருள் கிடைக்கவில்லை. 'டி' நிரல் புவியியலா வரலாறா, ஏழாம் நிரை யாருக்குரியது என்பனவற்றை அவர் நினைவிற் சுமந்திருத்தல் வேண்டும். அன்றேல் தலைப்பு வரை சென்று மீளல் வேண்டும்.

இச்சுமையை நீக்கும் வழி மென்பொருளிலேயே உண்டு. என்.வி.டி.ஏ. பயன்படுத்துவோர், எக்செல் விரிதாளிற் பாடத் தலைப்புகள் தொடங்கும் கலத்தில் நின்று அம்மென்பொருளுக்குரிய விசையுடன் ஷிஃப்ற், சி ஆகிய விசைகளை அழுத்தினால் அந்நிரை நிரல்களின் தலைப்பாகக் குறிக்கப்படுகின்றது. 'சி'க்குப் பதிலாக 'ஆர்' விசையை அழுத்தினால் பெயர் நிரல் நிரைகளின் தலைப்பாகின்றது. அதன்பின் வலப்புறம் நகரும்போது பாடத்தின் பெயரும், கீழ்நோக்கி நகரும்போது மாணவரின் பெயரும் எண்ணுடன் சேர்ந்து ஒலிக்கும். மாறிய தலைப்பு மட்டுமே சொல்லப்படும். மாறாதது மீளச் சொல்லப்படுவதில்லை. இக்குறிப்பு விரிதாளின் உள்ளேயே பெயரிடப்பட்ட கல வீச்சாகச் சேமிக்கப்படுவதால், ஒருமுறை ஒருவர் செய்துவைத்தது பின்வரும் வாசகர்க்கும், ஜோஸ் போன்ற பிற திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துவோர்க்கும் பயன்தரும்.

தமிழ்க் கல்வி மரபை அறிந்தோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி உரத்த குரலில் ஓதி மனனஞ் செய்யப்பட்டது. பெருக்கற் கணக்கின் அட்டவணைக்குத் தமிழில் வழங்கும் பெயர் வாய்ப்பாடு. அச்சொல்லிலேயே வாய் அமைந்திருக்கின்றது. 'மூவிரண்டு ஆறு' என்று சிறுவன் ஓதும்போது நிகழ்வது யாது? மூன்று என்பது நிரையின் தலைப்பு. இரண்டு என்பது நிரலின் தலைப்பு. ஆறு என்பது அவையிரண்டும் சந்திக்கும் கலத்தின் பெறுமானம். ஒவ்வோர் அடியும் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துவிட்டுத் தன் பொருளைக் கூறுகின்றது. ஆதலாலேயே வாய்ப்பாட்டின் எந்த அடியைத் தனியே எடுத்தாலும் அது பொருள் தருகின்றது. தலைப்புகள் ஒழுங்காகக் குறிக்கப்பட்ட விரிதாள், செவிக்கு வாய்ப்பாடாகின்றது. தலைப்புக் குறிக்கப்படாத விரிதாளோ, 'ஆறு, எட்டு, பத்து' என்று விடைகளை மட்டும் ஒப்பிக்கும் மாணவனை ஒத்தது. அட்டவணை இயல்பிலேயே கண்ணுக்குரியது என்ற கருத்து, தமிழ்ச் சிறார் பல தலைமுறைகளாக அட்டவணையைச் செவியாலும் வாயாலும் கற்றுவந்தனர் என்ற ஒரு செய்தியினாலேயே வலுவிழந்துவிடுகின்றது.

அவ்வாறாயின் இடர்ப்பாடு எங்கிருந்து எழுகின்றது? விரிதாளை விரிதாளாக எழுதாது, ஓவியத் தாளாக வரையும் பழக்கத்திலிருந்தே அது பெரிதும் எழுகின்றதெனலாம். முதற் கலத்திலிருந்து தொடங்கவேண்டிய அட்டவணை, நிறுவனச் சின்னத்துக்கும் அலங்காரத் தலைப்புக்கும் இடம்விட்டுத் தாளின் நடுவிலே தொடங்குகின்றது. விரிதாளைத் திறந்து ஏ1 கலத்தில் நிற்கும் செவிவழி வாசகருக்குக் கிடைப்பது வெறுமையே. அழகுக்காக இடையிடையே வெற்று நிரைகள் விடப்படுகின்றன. கன்ட்ரோல் விசையுடன் அம்புக்குறியை அழுத்தித் தரவின் எல்லையை அடைய முயல்வோரை அவ்வெற்று நிரை தடுத்து நிறுத்துகின்றது. அட்டவணை அங்கேயே முடிந்துவிட்டதென அவர் கொள்ளவும் கூடும். பல கலங்களை ஒன்றிணைத்து 'ஆண்டு 2023' என மேலே எழுதி, அதன்கீழ் 'ஆண்', 'பெண்' என்று பிரிக்கும் வழக்கமும் உண்டு. இணைத்த கலத்தின் பெயர் முதல் நிரலிலேயே தங்கிவிட, இரண்டாம் நிரலிற் செல்வோர் எவ்வாண்டுக்குரிய எண்ணைக் கேட்கின்றார் என்பதை அறியாது மயங்க நேர்கின்றது. சித்தியடையாதோரைச் சிவப்பு நிறத்தாற் குறிப்பது பிறிதொரு வழக்கம். வேண்டிக் கேட்டாலன்றித் திரைவாசிப்பான் நிறத்தை உரைப்பதில்லை. எங்கே கேட்கவேண்டும் என்பதையும் நிறமே அறிவிக்க வேண்டியிருப்பதால் அவ்வினா எழுவதற்கே வழியில்லை. 'சித்தி', 'சித்தியில்லை' என்று ஒரு நிரலில் எழுதியிருந்தால் இச்சிக்கல் தோன்றியிராது.

தமிழில் எழுதப்படும் விரிதாள்களுக்கு உரிய தனிக் குறையொன்றும் உண்டு. இலங்கையில் நீண்டகாலம் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில், தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. திரையில் 'தமிழ்' என்று தோன்றும் சொல் கணினியின் உள்ளே 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்பனவாகவே பதிந்திருக்கும். கண் அந்த வேடத்தை நம்பிவிடுகின்றது. திரைவாசிப்பானோ உள்ளேயிருப்பதை உள்ளவாறே உரைத்துவிடுகின்றது. தலைப்புகள் அனைத்தும் பாமினியில் அமைந்த விரிதாளில், எவ்வளவு ஒழுங்காகத் தலைப்புக் குறித்தாலும் செவியை அடைவது பொருளற்ற ஒலிக்கூட்டமேயாகும். யுனிகோட் குறிமுறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதற்குப் பின்னரும் பழைய எழுத்துருவிலே ஆவணங்களை ஆக்குவது, தமிழைத் தமிழாக எழுதாது தமிழ்போல வரைவதற்கு ஒப்பாகும். வாசகர் ஒரு பகுதியினரை அது புறத்தே நிறுத்திவிடுவதோடு, தேடலுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் உதவாததாக அவ்வாவணத்தை ஆக்கியும்விடுகின்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கண் ஒரே நோக்கில் அட்டவணை முழுவதையும் அளந்துவிடுகின்றது. எங்கே எண்கள் அடர்ந்துள்ளன, எங்கே வெற்றிடம் உள்ளது, எது பிறழ்ந்து நிற்கின்றது என்பன அதற்குப் புலப்படுகின்றன. செவியோ ஒன்றன்பின் ஒன்றாகவே பெறவேண்டியுள்ளது. இவ்வேறுபாடு மெய்யானது, அதனை மறைத்துப் பேசுதல் செவிவழி வாசகர்க்குச் செய்யும் நன்மையாகாது. கருவி வந்ததும் குறை தீர்ந்தது என்போர் இவ்விடத்திலேயே தவறுகின்றனர். இன்றைய எக்செல் விரிதாளொன்றில் 16,384 நிரல்களும் 1,048,576 நிரைகளும் உள்ளன. இதில் ஒரு சிறு பகுதியையேனும் கலங்கலமாகக் கேட்டு முடித்தல் இயலாத காரியம். விளக்கம் எழுதப்படாத வரைபடமொன்று செவிக்கு வெறும் பெயராகவே எஞ்சுவதும் உண்மையே.

எனினும் ஒரே நோக்கில் முழுமையைக் காணுதல் என்பதும் வரையறைக்குட்பட்டதே. ஆயிரம் நிரைகளை ஒரே பார்வையில் எக்கண்ணும் காண்பதில்லை. திரையிற் பொருந்தும் சிலவற்றையே காண்கின்றது. எஞ்சியதற்குக் கண்ணுடையோரும் சூத்திரத்தையே நம்புகின்றனர். தேர்ந்த செவிவழி வாசகர் தொடக்கத்திலிருந்தே இம்முறையைக் கைக்கொள்கின்றார். உச்சப் பெறுமானம் யாது, நாற்பதிற்குக் குறைந்தவை எத்தனை, வெற்றுக் கலங்கள் எங்குள்ளன என்று சூத்திரத்தாலும் வடிகட்டலாலும் வினவி விடைபெறுகின்றார். இது வினா எழுப்பி வாசிக்கும் முறை. என்ன கேட்கவேண்டும் என அறிந்தவர்க்கே இது பயன்தரும் என்பது இதன் குறை. கேட்டதற்குத் திட்டமான விடை கிடைக்கும் என்பது இதன் நிறை.

கண்ணின் வாசிப்பு எத்துணை நம்பகமானது என்பதற்கு அண்மைக்கால வரலாறு தரும் சான்றொன்று குறிப்பிடத்தக்கது. கார்மென் ரைன்ஹார்ட், கெனத் றொகோஃப் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2010இல் வெளியிட்ட கட்டுரையொன்று, அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் வளர்ச்சி பெரிதும் குன்றுவதாகக் காட்டியது. செலவுக் குறைப்புக் கொள்கையை ஆதரித்தோர் அதனைப் பெரிதும் எடுத்தாண்டனர். 2013இல் மசசூசெற்ஸ் பல்கலைக்கழகப் பட்டப்பின் படிப்பு மாணவரான தோமஸ் ஹேர்ண்டன் அக்கட்டுரைக்கு அடிப்படையான விரிதாளைப் பெற்று ஆராய்ந்தபோது, 30ஆம் நிரை முதல் 49ஆம் நிரை வரை சராசரி காணவேண்டிய சூத்திரம் 44ஆம் நிரையோடு நின்றுவிட்டதைக் கண்டார். 20 நாடுகளில் ஐந்து விடுபட்டிருந்தன. கட்டுரையில் அவர் சுட்டிய குறைகள் பலவற்றுள் இது ஒன்றேயாயினும், விரிதாளின் இயல்பை விளக்க இவ்வொன்றே போதுமானது. தவறு கலத்தின் மேற்பரப்பில் இருக்கவில்லை. அதன் பின்னாலிருந்த சூத்திரத்தில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது விடை மட்டுமே. என்.வி.டி.ஏ. கலத்தை உரைக்கும்போது அதிற் சூத்திரம் உண்டென்பதையும் அறிவிக்கின்றது. எஃப்2 விசையை அழுத்தினாற் சூத்திரத்தையே கேட்கலாம். செவியால் வாசிப்போர் இத்தகைய தவறுகளைத் தவறாது கண்டுபிடிப்பர் என்று இதனாற் கூறவியலாது. விரிதாளின் பொருள் மேற்பரப்பிலேயே முழுதும் புலப்பட்டுவிடுவதில்லை என்பதும், இரு சாராரும் அதனைத் தேடியே பெறவேண்டியவர்கள் என்பதுமே இதனாற் பெறப்படும் முடிபாகும்.

ஆகவே பொறுப்பு யாருடையது என்ற வினாவே இறுதியில் எஞ்சுகின்றது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமை அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையில் அடங்கியுள்ளது. சட்டமும் சமவாயமும் இன்றியமையாதன. ஆயினும் விரிதாளொன்று வாசிக்கத்தக்கதாவதும் ஆகாததும் பெரும்பாலும் ஒரு கந்தோரிலோ கல்விப் பீடத்திலோ அமர்ந்து அதனை ஆக்குபவரின் சில நிமிட வேலையிலேயே தங்கியுள்ளன. ஏ1 கலத்தில் அட்டவணையைத் தொடங்குதல், ஒரு நிரையிலேயே தலைப்புகளை அமைத்தல், கலங்களை இணையாதிருத்தல், நிறத்தாற் கூறுவதைச் சொல்லாலும் கூறுதல், யுனிகோட் தமிழிலேயே எழுதுதல், வரைபடத்துக்கு இரு வரி விளக்கம் சேர்த்தல் என்பன பெருஞ்செலவையோ அருந்திறனையோ வேண்டுவன அல்ல. அவற்றைச் செய்யாதுவிட்டு, வாசிக்க இயலாதவரின் குறையாக அதனைக் கணித்தல் நீதியாகாது.

ஓர் ஆக்கத்தை மதிப்பிடும்போது அது யாரை வாசகராகக் கருதி எழுதப்பட்டது என வினவுதல் சமூகவியல் நோக்கிலான திறனாய்வின் முதற் கடமைகளுள் ஒன்று. கதைக்கும் கவிதைக்கும் விடுக்கப்படும் அவ்வினா புள்ளி அட்டவணைக்கும் நேர அட்டவணைக்கும் ஆய்வுத் தரவுக்கும் விடுக்கப்படல் வேண்டும். செவியில் ஒலித்தும் பொருள் தருகின்ற விரிதாளில் உருவமும் உள்ளடக்கமும் இசைந்து நிற்கின்றன. கண்ணுக்கு மட்டும் பொருள் தருவதில் உருவம் இன்னும் அரைகுறையாகவே உள்ளது. 1979இல் இடப்பட்ட பெயர் கண்ணைச் சார்ந்ததாயினும், அப்பெயரைத் தாங்கிய படைப்பு முதல் நாளிலிருந்தே முகவரியையும் வாக்கியத்தையும் ஆதாரமாகக் கொண்டிருந்தது. அதனை மீள உணர்ந்து எழுதுவோர் பெருகும்போது, விழிப்புலனற்ற மாணவர் தம் தரவை வாசித்துத் தரும்படி பிறரை வேண்டிநிற்கும் நிலை மாறும். தாமே வாசித்து, தாமே ஐயுற்று, தாமே முடிபு கூறும் ஆய்வாளராக அவர் நிலைபெறுவார்.